டேனிஷ், தகலாக்: பேசும் இடங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மொழி வரைபடங்களில், டென்மார்க் அரசின் பகுதியான கிரீன்லாந்து முழுவதும் டேனிஷின் நிறம்தான். பக்கத்தில் தகலாக், பிலிப்பைன்ஸில் ஒரு சின்னத் திட்டாகத் தெரியும். பரப்பைப் பார்த்து ஒப்பிட ஆரம்பித்தாலே சறுக்கல்தான். கிரீன்லாந்து 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்களோ சுமார் 56,000 பேர். பெரும்பாலோர் பேசுவது கிரீன்லாந்திய மொழி, 2009 முதல் ஆட்சிமொழியும் அது மட்டுமே. டேனிஷுக்கு அங்கே இன்னும் செல்வாக்கு உண்டு, ஆனால் பலருக்கு அது படித்து வந்த மொழி. அதே அரசின் பகுதியான ஃபாரோ தீவுகளிலும் வீட்டில் பேசுவது ஃபாரோயீஸ், டேனிஷைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாகத்தான் கற்கிறார்கள். டேனிஷ் பேசும் சுமார் 60 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் டென்மார்க்கை விட்டு நகரவில்லை.

கொடி பறந்த இடத்திலெல்லாம் மொழியும் வேரூன்றியிருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. நம் தரங்கம்பாடியே சாட்சி. 1620 முதல் 1845 வரை அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. கோட்டை இன்றும் நிற்கிறது. ஆனால் அன்று ஐரோப்பியரோடு பேரம் பேசப் பெரிதும் உதவியது போர்த்துகீசிய மொழி. 1706-ல் டேனிஷ் மன்னர் அனுப்பி வந்த சீகன்பால்கு ஒரு ஜெர்மானியர். அவர் இங்கே தமிழைக் கற்றார், ஊர் டேனிஷைக் கற்கவில்லை. கரீபியனில் 1917-ல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட டேனிஷ் தீவுகளிலும் மக்கள் பேசியது டச்சு, ஆங்கிலம் சார்ந்த கிரியோல் எனப்படும் கலப்பு மொழிகள். தெருப்பெயர்களில் டேனிஷ் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

தகலாக்கில் தவறு வேறு மாதிரி. பிலிப்பைன்ஸ்காரர் என்றால் தாய்மொழி தகலாக் என்று எழுதிவிடுகிறார்கள். அது மணிலா, புலாகான், பத்தாங்காஸ் வட்டாரத்து மொழி. செபு தீவில் செபுவானோ, வடக்கே இலோகானோ, இன்னும் நூற்றுக்கு மேல். 1937-ல் தேசிய மொழிக்குத் தகலாக்கை அடிப்படையாக எடுத்த பிறகு பள்ளியும் தொலைக்காட்சியும் அதை நாடு முழுக்கக் கொண்டுபோயின. அதனால் தாய்மொழிக் கணக்கையும் இரண்டாம் மொழிக் கணக்கையும் கலந்தால் எண்ணிக்கை பல மடங்கு வீங்கிவிடும். ஒரு பட்டியலில் இது, இன்னொன்றில் அது என்று எடுத்து ஒப்பிடுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வெளிநாடு என்று வந்தால் தகலாக் எங்கேயோ போய்விடுகிறது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 17 லட்சம் பேர் வீட்டில் அதைப் பேசுகிறார்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனத்துக்கு அடுத்த வரிசையில் இருக்கும் மொழி. வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் செவிலியர்கள், வீட்டுப் பணியாளர்கள் பேச்சில் அது அன்றாடம் புழங்குகிறது. சரி, அதற்காகப் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டுகளை எண்ணிவிட முடியாது. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி இலோகானோ பேசியவர்கள். டேனிஷ்காரர்களும் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1911-ல் அவர்கள் உருவாக்கிய கலிஃபோர்னியாவின் சோல்வாங் ஊரில் காற்றாலையும் பேக்கரியும் இருக்கின்றன, பேச்சு ஆங்கிலம்.

இதற்கு நேர்மாறாக, பலர் பட்டியலில் சேர்க்க மறப்பது ஜெர்மனியை. 1920 வாக்கெடுப்பில் எல்லை வகுத்தபோது தென்புறம் தங்கிவிட்ட டேனிஷ் சிறுபான்மையினர் அங்கே சுமார் 50,000 பேர் இருப்பதாகச் சொல்வார்கள். சொந்தப் பள்ளிகள், நாளிதழ், ஒரு கட்சி எல்லாம் உண்டு. ஆனாலும் பல வீடுகளில் பேச்சு ஜெர்மன்தான். அந்த 50,000-மும் ஒரு மதிப்பீடுதான், ஏனென்றால் தன்னை டேனிஷ்காரர் என்று சொல்பவரை அதிகாரிகள் சோதிக்கக் கூடாது என்று 1955-ல் அன்றைய மேற்கு ஜெர்மனி அரசு அறிவித்துவிட்டது.