டாக்டர் வேலை, நர்ஸ் வேலை: புதிதாகச் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பேட்ச் சேரும் ஒவ்வொரு தடவையும் அதே தவறுகளைப் பார்க்கிறேன். கை கழுவுவது, பெயரைச் சரிபார்த்து மருந்து கொடுப்பது எல்லாம் கல்லூரியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். டாக்டர் வேலை எங்கே முடிகிறது, நர்ஸ்களாகிய நம் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் கோடு பகலில் ஓரிடத்தில் இருக்கும், ராத்திரியில் வேறிடத்தில் இருக்கும்.

போனில் சொன்னதைச் செய்துவிட்டு எழுதாமல் விடுவது

பகலில் ஒரு பாராசிட்டமால்கூட டாக்டர் எழுதினால்தான் கொடுப்போம். ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் வேறு மாடியில் இருப்பார். "சிஸ்டர், நீங்களே போட்டுடுங்க, அப்புறம் வந்து எழுதுறேன்" என்பார். காலை ரவுண்ட்ஸ் வரும்போது கோடு பழைய இடத்துக்கே போயிருக்கும். நீங்கள் மட்டும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தார். டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். தூங்க ஊசி போடச் சொன்னார், போட்டாள். விடிவதற்குள் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கி ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். கன்சல்டன்ட், அதாவது பெரிய டாக்டர், கேஸ் ஷீட்டைப் புரட்டினால் டாக்டர் ஆர்டர் எழுதும் பக்கம் காலி. "பார்த்துக்கத்தான் சொன்னேன்" என்றார் டியூட்டி டாக்டர். மெமோ அந்தப் பெண்ணுக்கு.

டாக்டர் நழுவியதுகூடப் பரவாயில்லை. முந்தைய வாரம்தான் "டாக்டரை எழுப்பாமலே நைட்டை ஓட்டிடுவா, கெட்டிக்காரி" என்று வார்டே அவளைப் பாராட்டியது. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்படிப் பாராட்டிப் பாராட்டித்தான் டாக்டரின் வேலையை எழுத்தில் இல்லாமல் நர்ஸ் தலையில் ஏற்றுகிறார்கள்.

அவசரத்தில் போனில் ஆர்டர் வாங்க வேண்டிவரும். காதில் விழும்போதே எழுதுங்கள். மருந்து, அளவு, எந்த வழி (வாயிலா, ஊசியிலா) என்று திருப்பிப் படித்துக் காட்டுங்கள். 'பிஃப்டீன்', 'பிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். 'ஒன் ஃபைவ்' என்று எண் எண்ணாகச் சொல்லுங்கள். இன்சுலினுக்கு 'யூ' என்ற ஒற்றை எழுத்து வேண்டாம், 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். 10-க்குப் பக்கத்தில் அந்த எழுத்து பூஜ்யம்போலத் தெரிந்து 100 ஆகிவிடும். யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று குறித்து, டியூட்டி முடிவதற்குள் கையெழுத்து வாங்குங்கள். கூப்பிட்டும் டாக்டர் வரவில்லையா? அதையும் நேரத்தோடு எழுதி, நைட் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

மிஞ்சிய மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

கூடாது. 1948 பார்மசி சட்டப்படி அது பார்மசிஸ்ட் வேலை.

லேபோடு சண்டை

சாம்பிளைத் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். ரத்த அணுக்கள் உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். இன்னொரு தடவை எடுங்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் வாய் மூடி நிற்பது

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆபரேஷன் செக்லிஸ்ட்டில், கத்தி வைக்கும் முன் அங்கிருக்கும் எல்லாரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. சம்பிரதாயம் என்று நினைத்துப் புதியவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். சத்தமாகச் சொல்லுங்கள். ஒருமுறை பேசிவிட்டவருக்குத்தான், தையல் போடும் நேரத்தில் "சார், மாப் ஒண்ணு குறையுது, நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வரும். மாப் என்பது ரத்தம் ஒற்றும் துணி. கணக்குச் சொல்வது நம் வேலை. எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.