அயர்லாந்து வீரக்கதையை நாவலாக்கும்போது சறுக்கும் இடங்கள்

வடக்கு அயர்லாந்தில் அர்மா நகரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி ஒரு புல்மேடு இருக்கிறது. இன்றைய பெயர் நேவன் கோட்டை. பழங்கதைகளில் அதுதான் எவின் மாஹா, அல்ஸ்டர் மன்னன் கொன்ஹோவர் ஆண்ட இடம். மாவீரன் கூ ஹுலினைப் பற்றி நாவல் எழுதக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தை இங்கேதான் வைக்கிறார்கள். பெரிய அரண்மனை, நடுக்கூடத்தில் தீ, சுற்றிலும் வீரர்கள், பன்றிக்கறி, மது.

தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது வேறு. 40 மீட்டர் குறுக்களவில் வட்டமான ஒரு மரக்கட்டடம். வளையம் வளையமாக நட்ட ஓக் தூண்கள் 250-க்கும் மேல். நடுத்தூணின் ஆண்டு வளையங்களை வைத்துப் பார்த்ததில், அந்த மரத்தை வெட்டியது கி.மு. 95-இன் கடைசியில் அல்லது 94-இன் தொடக்கத்தில் என்று தெரிந்தது. கட்டிய கொஞ்ச காலத்திலேயே உள்ளே சுண்ணாம்புக் கற்களைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். பிறகு தீ வைத்து, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை மேலே அடுக்கி மூடிவிட்டார்கள். அதில் யாரும் குடியிருந்த அடையாளம் இல்லை. விருந்து நடந்தது உண்மைதான். அங்கே கிடைத்த பன்றி எலும்புகளை ஆராய்ந்ததில், அயர்லாந்தின் பல மூலைகளிலிருந்து பன்றிகளை ஓட்டி வந்தது தெரிகிறது. வட ஆப்பிரிக்காவின் பார்பரி குரங்கு ஒன்றின் மண்டையோடுகூட அங்கே கிடைத்தது. ஒரு மாபெரும் கூடத்தைக் கட்டி, கல்லால் நிரப்பி, எரித்து, புதைக்கும் ஒரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இதைவிட நல்ல முதல் அத்தியாயம் கிடைக்குமா? அதை விட்டுவிட்டு எல்லா நாவலிலும் வருகிற அரண்மனையையே மறுபடி எழுதுகிறோம்.

இந்தத் தவறின் வேர், எந்தக் காலத்தை எழுதப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் உட்காருவது. இந்தக் கதைகளில் பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. கூ ஹுலின் தனியாளாக ஒரு படையையே தடுத்து நிறுத்தும் மாட்டுக் கவர்தல் கதை, ‘டாய்ன்’, கிறிஸ்து வாழ்ந்த காலத்தை ஒட்டி நடந்ததாகச் சொல்லப்படுகிறது. சிலுவையில் கிறிஸ்து இறந்த செய்தி கேட்டு ஆவேசப்பட்டதில் கொன்ஹோவர் மன்னன் உயிரை விட்டான் என்று ஒரு கதையே உண்டு. அப்படி முடிச்சுப் போட்டவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். கதையின் மொழியில் பழைய பகுதிகள் 7, 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நம் கைக்கு வந்திருக்கும் மிகப் பழைய ஏடு 1100-ஐ ஒட்டிக் கன்றுத்தோலில் எழுதியது. ஆக, கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் ஏட்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி.

1964-இல் கென்னத் ஜாக்சன் என்ற அறிஞர் இக்கதைகளை இரும்புக் காலத்தைப் பார்க்க உதவும் ஜன்னல் என்றார். எழுத்தாளர்களுக்கு அந்த ஜன்னல் ரொம்பப் பிடித்துப்போனது. பின்னால் ஜே. பி. மலோரி போன்ற தொல்லியலாளர்கள் கதையில் வரும் பொருள்களை மண்ணில் கிடைத்தவற்றோடு வைத்துப் பார்த்தார்கள். கதையில் வீரர்கள் நீண்ட வாளை வீசித் தலையைச் சீவுகிறார்கள். அயர்லாந்தில் கிடைத்த இரும்புக் கால வாள்களோ குட்டையானவை. கதை முழுக்க வெள்ளி மின்னுகிறது. இரும்புக் கால அயர்லாந்தில் வெள்ளி அநேகமாக இல்லை. தேர் இல்லாமல் கதையே நகராது. குதிரைக் கடிவாள உலோகத் துண்டுகள் நிறையக் கிடைத்த அந்த மண்ணில், தேரோடு புதைத்த கல்லறை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூ ஹுலின் மரக்கிளையை வளைத்து அதில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தை வெட்டிப் படைக்கு எச்சரிக்கை வைக்கிறான். நமக்குத் தெரிந்த ஓகம் கி.பி. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தொடங்குகிறது.

எனவே ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டு என்றால் குட்டை வாள், வளைகோட்டு அலங்காரம், எழுத்தே இல்லாத உலகம். கி.பி. 8-ஆம் நூற்றாண்டு என்றால் மண்கரை சூழ்ந்த வட்ட வீடுகள், வெள்ளி ஊசிகள், பக்கத்திலேயே ஒரு மடாலய மணி. எழுத வருகிற நண்பர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். காரணம், அந்தக் காலத்துச் சட்ட நூல்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் இந்தக் கதைகளைத் தொடுவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு.

மேவ் ராணியை எடுத்துக்கொள்ளுங்கள். கொனாக்ட் நாட்டு ராணி; டாய்னில் அல்ஸ்டர்மீது படையெடுப்பவள். இவளை எழுதுகிறவர்கள் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுகிறார்கள். ஒரு மாட்டுக்கு ஆசைப்பட்டு நாட்டைச் சாகக்கொடுத்த அகங்காரி என்று ஒரு பக்கம். எதற்கும் அஞ்சாத நவீனப் பெண் என்று இன்னொரு பக்கம். 12-ஆம் நூற்றாண்டு லென்ஸ்டர் ஏட்டில் டாய்ன் கதை படுக்கையில் தொடங்குகிறது. கணவன் ஆலில், “என்னைக் கட்டிய பிறகு உன் நிலை உயர்ந்துவிட்டது” என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுகிறான். மேவ் விடவில்லை. இருவரும் எழுந்து தங்கள் சொத்தை எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். வாளி, தொட்டி, இரும்புப் பானை, மோதிரம், துணி, ஆடு, குதிரை, பன்றி எல்லாம் சமம். மாட்டு மந்தையில் மட்டும் ஆலிலிடம் ஒரு வெள்ளைக்கொம்புக் காளை கூடுதல். அது மேவின் பசுவுக்குப் பிறந்தது. ஒரு பெண்ணின் உடைமையாக இருக்க மனமில்லாமல் அவன் மந்தைக்குப் போய்விட்டதாம்.

இது வெறும் தம்பதி ஊடல் போலத் தெரியும். 700 வாக்கில் எழுதிய திருமணச் சட்ட நூலைப் படித்தவருக்கு அப்படித் தெரியாது. அந்தச் சட்டத்தில் யார் எவ்வளவு சொத்தைக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் திருமணத்தின் வகை. இருவரும் சமமாகக் கொண்டுவந்தால், ஒருவரைக் கேட்காமல் மற்றவர் பெரிய ஒப்பந்தம் செய்ய முடியாது. மனைவியின் சொத்தில் வாழும் கணவனுக்கு மரியாதை மனைவியை வைத்துத்தான். ஆக, அந்த ஒரு காளை இருந்தால் ஆலில் தலைவன், இல்லாவிட்டால் சமம். அதனால்தான் மேவ் அல்ஸ்டரில் இருக்கும் கூலீ தீபகற்பத்தின் பழுப்புக் காளையைக் கேட்டு ஆள் அனுப்புகிறாள். அதுவும் ஓர் ஆண்டு இரவலாகத்தான். பதிலுக்கு 50 கடாரிகள், நிலம், 21 அடிமைப் பெண்களின் விலை பெறும் ஒரு தேர். காளையின் சொந்தக்காரன் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டான். அன்றிரவு போதையேறிய தூதர்கள், “தராவிட்டாலும் பறித்திருப்போம்” என்று பேசியது அவன் காதுக்குப் போகிறது. அவ்வளவுதான், போர்.

அந்தச் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் மானவிலை உண்டு. அதைக் குறிக்கும் சொல்லின் நேர்ப்பொருளே ‘முகத்தின் விலை’. முகத்தில் கரி பூசுவது என்று நாம் சொல்கிறோமே, அவர்களுக்கு அது சட்டத்தில் எழுதி வைத்த நஷ்டம். பசுக்களில் கணக்கிட்டுக் கட்டவேண்டும். அநியாயமாக வசை பாடிய புலவனும் கட்டவேண்டும். வசை பட்டால் முகத்தில் கொப்புளம் கிளம்பும் என்றும் நம்பினார்கள். தூதர்களின் அந்த ஒரு வாக்கியம் ஏன் ஒரு நாட்டையே இழுத்துப்போட்டது என்று இதைத் தெரிந்தவர் எழுதினால் வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது, அற்புதங்களுக்கு அறிவியல் காரணம் தேடுவது. வரலாற்றுப் புனைவு என்றதும் பலருக்கு மாயத்தை வெளியேற்றினால்தான் வரலாறு ஆகும் என்று ஓர் எண்ணம். கூ ஹுலினின் உடல் முறுக்கிக்கொண்டு உருமாறும் வெறியை வலிப்பு நோய் ஆக்குகிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான மாஹாவை அரசனின் குதிரைகளோடு ஓடவிட்டதற்காக அவள் இட்ட சாபம், ஆபத்து வரும்போதெல்லாம் அல்ஸ்டர் ஆண்கள் பிரசவ வலியில் கிடப்பார்கள் என்பது. அதை ஏதோ கொள்ளைநோய் ஆக்கிவிடுகிறார்கள். அந்தச் சாபத்தால்தான் கூ ஹுலின் தனியாக நிற்கிறான். ஆண்கள் அனைவரையும் பிரசவ வலியில் படுக்கவைத்த ஒரு கதையிலிருந்து அந்த வலியை எடுத்துவிட்டால், அவர்கள் எந்தக் குற்றத்துக்காகக் கிடந்தார்கள் என்பதும் போய்விடுகிறது. சாபம் பலித்ததா என்று நாவலாசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அதை நம்பி அஞ்சிய ஒரு மனிதனின் கண்ணால் எழுதினால் போதும்.

‘கெஷ்’ என்று ஒரு விலக்கு உண்டு. இன்னார் இன்னதைச் செய்யக்கூடாது என்று விதித்தது, மீறினால் அழிவு. இதை ஒரு மூடநம்பிக்கையாகப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நகர்கிறார்கள். கூ ஹுலினின் முடிவைப் பாருங்கள். சிறு வயதில் கொல்லன் குலனின் காவல்நாயைக் கொன்றுவிட்டு, பதிலுக்குத் தானே காவல் நிற்பதாகச் சொன்னதால் வந்த பெயர் அது: குலனின் நாய். ஆகவே நாய்க்கறி அவனுக்கு விலக்கு. அடுப்பு எரியும் இடத்தைக் கடந்தால் அங்கே சாப்பிடாமல் போவதும் விலக்கு. கடைசிப் போருக்குப் போகும் வழியில் இடக்கண் தெரியாத மூன்று கிழவிகள் ஒரு நாயைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டுப் போ என்கிறார்கள். தயங்குகிறான். பெரிய விருந்தாக இருந்தால் நின்றிருப்பாய், ஏழைகள் வைத்த அடுப்பு உனக்கு இளப்பம் என்று குத்துகிறார்கள். அவன் இடது கையால் வாங்கித் தின்று, எலும்பை இடது தொடைக்கடியில் வைக்கிறான். அந்தக் கையும் தொடையும் பலம் இழக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விலக்கு உடையும்படி அமைத்த காட்சி இது. இதில் மாயத்தைவிட உறுத்துவது, விருந்தோம்பலை மறுக்க முடியாத ஒரு மனிதனை அந்த விருந்தாலேயே வீழ்த்துவது.

பிறகு, நாடு. இந்தக் கதைகளில் அயர்லாந்து ஒரே தேசமாக எதிரியை எதிர்க்கவில்லை. அல்ஸ்டரும் கொனாக்ட்டும் மோதுகின்றன; இருபக்கமும் அயர்லாந்துக்காரர்கள்தான். கூ ஹுலின் தேசிய வீரனானது பிற்காலத்தில். டப்ளின் தலைமை அஞ்சலகத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் நினைவாக வைத்திருப்பது, ஆலிவர் ஷெப்பர்ட் வடித்த, உயிர் விடும் கூ ஹுலின் சிலை. அதே வீரனை, அல்ஸ்டரின் காவலன் என்று பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பினரும் வடக்கில் சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டு கொடிகளில் எதையும் பழங்கதைக்குள் நடக்கூடாது.

வரலாற்று மனிதர்களிடமும் இது நடக்கிறது. 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று நடந்த க்ளோன்டார்ஃப் போரை, அயர்லாந்தின் உயர்மன்னன் பிரையன் போரு வைக்கிங்குகளை நாட்டைவிட்டு விரட்டிய போர் என்று எழுதிவிடுகிறார்கள். எதிரணியில் லென்ஸ்டரின் அயர்லாந்து மன்னனே இருந்தான். டப்ளினின் வைக்கிங் மன்னன் சிட்ரிக், பிரையனின் மருமகன். போருக்குப் பிறகும் அவன் 1036 வரை ஆண்டான். விரட்டிய கதை பிரையனின் வம்சத்தார் நூறு ஆண்டு கழித்து எழுதவைத்த புகழ்நூலிலிருந்து வளர்ந்தது.

பொருள்களில் வரும் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். உருளைக்கிழங்கு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் பால், தயிர், வெண்ணெய், ஓட்ஸ், பார்லி. அயர்லாந்தில் முதல் நாணயம் அடித்தது 997 வாக்கில் டப்ளினில். அதற்கு முன் யாரும் பொற்காசை வீசக்கூடாது. ஐரோப்பியப் பாணிக் கற்கோட்டை நார்மன்கள் வந்த 1169-க்குப் பிறகு. கட்டம் போட்ட பாவாடை ஸ்காட்லாந்துக்காரர்களுடையது, அதுவும் மிகப் பின்னால். பின்னல் முடிச்சு அலங்காரம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தொடங்குகிறது.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் ஒரு சறுக்கல் உண்டு. நிரை கவர்தல் என்றதும் நமக்கு வெட்சியும் கரந்தையும் நினைவுக்கு வரும். ஒப்பீடு தவறில்லை, கைலாசபதி 1968-இலேயே சங்கப் பாடல்களை அயர்லாந்து உள்ளிட்ட வீரயுக இலக்கியங்களோடு சேர்த்துப் பார்த்தார். ஆனால் அயர்லாந்தின் புலவனான ‘ஃபிலி’யைப் பாணன் என்று எழுதினால் படம் மாறிவிடுகிறது. ஃபிலி பல ஆண்டு பயின்று படிப்படியாகத் தேறியவன். உச்சிப் படியில் இருப்பவனின் மானவிலை ஒரு சிற்றரசனுடையதற்குச் சமம். பரிசிலுக்கு அலைபவனாக அவனைக் காட்டமுடியாது. பெயர்களிலும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மெட்ப்’, ‘கூ சுலைன்’ என்று எழுதுகிறார்கள். மேவ், கூ ஹுலின் என்பது ஒலிக்கு நெருக்கம். ‘மாக்’ என்றால் மகன். குடும்பப் பெயராக அது இறுகியது பிறகுதான்.

உறவுகளிலும் இப்படித்தான். கூ ஹுலினும் ஃபெர்டியாவும் நண்பர்கள் என்று எழுதினால் பாதி போய்விடும். குழந்தைகளை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது அங்கே சட்டப்படி நடந்த வழக்கம்; அம்மா, அப்பா என்ற செல்லச் சொற்களே வளர்த்தவர்களுக்குத்தான் போயின. இருவரும் ஸ்காஹா என்ற பெண்ணிடம் ஒன்றாகப் போர்ப்பயிற்சி பெற்று வளர்ந்தவர்கள். டாய்னில் ஃபெர்டியா மேவின் பக்கம் நிற்க, ஆற்றுத்துறையில் பகலெல்லாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். இரவில் குதிரைகள் ஒரே தொழுவத்தில், தேரோட்டிகள் ஒரே தீயருகில். கூ ஹுலின் தன் காயத்துக்கு வைத்த பச்சிலையில் சமபங்கை ஆற்றுக்கு அக்கரை அனுப்புகிறான். ஃபெர்டியா தனக்கு வந்த உணவில் பாதியை இக்கரைக்கு அனுப்புகிறான். கடைசி இரவில் மட்டும் குதிரைகளைத் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். அந்தத் துறைதான் இன்றைய ஆர்டி ஊர். இங்கே வசனம் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள், கட்டியிருக்கும் குதிரைகளைக் காட்டினால் போதும்.

கடைசியாக, எதை மாற்றினோம் என்று சொல்லாமல் விடுவது. நாவலின் முடிவில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எந்தக் காலத்தை எடுத்தேன், எதைச் சேர்த்தேன், எதை விட்டேன் என்று எழுதுங்கள். லென்ஸ்டர் ஏட்டில் டாய்ன் முடியுமிடத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஐரிஷ் மொழியில் ஒன்று: இந்தக் கதையை இதே வடிவில், வேறெதுவும் சேர்க்காமல், மனப்பாடம் செய்கிறவருக்கெல்லாம் ஆசி. அதற்குக் கீழே லத்தீனில் இன்னொன்று: இந்தக் கட்டுக்கதையை எழுதிய நான் இதில் பலவற்றை நம்பவில்லை; சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர்களின் கற்பனை, சில நடந்திருக்கலாம், சில நடந்திருக்காது.