குறிப்புப் புதிரை அவிழ்ப்பதும் அலசுவதும்

சொல்விளையாட்டுக் குறுக்கெழுத்தில் ஒரு குறிப்பை எடுத்ததும் அது சொல்லும் கதையை மறந்துவிடுங்கள், ஏனென்றால் விடையின் நேர்ப்பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், மீதியெல்லாம் அந்த விடையைக் கட்டும் வழி. 'மானுக்குமுன் கொடு பூ (3)' என்று வைத்துக்கொள்வோம், 3 என்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. பூதான் நேர்ப்பொருள். கொடு என்றால் தா, மான் என்றால் மரை, 'முன்' எது முதலில் வரவேண்டும் என்று சொல்கிறது. தாமரை!

'கலைந்து', 'குழம்பி' என்று வந்தால் எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள், 'திரும்பி' என்றால் பின்னிருந்து படியுங்கள் ('விதமா' மாதவி ஆகிவிடும்). வரவில்லையா, சரி, குறுக்கே செல்லும் சொல்லைப் போட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் அலசல். கட்டத்தை நிரப்பியதோடு நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்று எழுதிப் பாருங்கள், எனக்கு உண்மையான ருசியே இதில்தான். ஸிமினீஸ் என்ற புனைபெயரில் பிரிட்டனின் அப்சர்வர் இதழுக்குப் புதிர் அமைத்த மக்நட்டின் கொள்கைகளை, அவருக்குப்பின் அங்கே புதிர் அமைத்தவர் சுருக்கித் தந்த அளவுகோல் இன்றும் செல்லும்: துல்லியமான பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, வேறெதுவும் கூடாது. வேலையில்லாத சொல் ஒன்று குறிப்பில் தொங்கினால் தயங்காமல் அதைக் குறையென்று எழுதுங்கள், அழகாக ஏமாற்றியிருந்தால் அதையும் மனம்விட்டுப் பாராட்டுங்கள்.