அடியில தண்ணி இருந்தும் செடி ஏன் காயுது? திரி தொட்டில செய்ற தப்புங்க

பெங்களூர்ல பால்கனி செடி வெச்சிருக்குற நம்ம ஆளுங்களுக்கு ஊருக்குப் போறதுன்னாலே கவலைதான், அதனால 2 லிட்டர் பாட்டில நடுவுல வெட்டி, மேல் பாதிய தலைகீழா கவுத்து, மூடில ஓட்ட போட்டு துணித்திரி விட்டு தானா தண்ணி குடிக்கிற தொட்டி செய்றாங்க. நல்ல யோசனைதான். ஆனா நான் மொத தடவ அப்படி வெச்சுட்டு அஞ்சு நாள் சேலம் போய்ட்டு வந்து பாத்தா, அடியில தண்ணி அப்படியே நிக்குது, மேல புதினா சருகாயிடுச்சு. பிரிச்சுப் பாத்தேன், திரியோட கீழ்முனை ஈரம், மேல்முனை மொடமொடன்னு காஞ்சிருக்கு, கோகோபீட்டு (மண்ணுக்குப் பதிலா போடுற தேங்கா நார்க் கழிவு) தூள் மாதிரி உதிருது.

காரணம் என்னன்னா, காஞ்ச கோகோபீட்டு தண்ணிய சட்டுனு இழுக்காது. அத முன்னாடியே நல்லா ஊற வெக்கணும், திரியையும் நனைச்சுதான் உள்ள விடணும், மொத தண்ணி கட்டாயம் மேல இருந்து ஊத்தணும். இந்த ஒண்ண விட்டா மத்தது எல்லாம் வீண்.

மண்ணும் முக்கியம். நம்ம ஊர் செம்மண்ண அப்படியே ரொப்பினா இறுகிப்போய் வேருக்குக் காத்து இல்லாம அழுகிடும், ரெண்டு பங்கு கோகோபீட்டு, ஒரு பங்கு மண்புழு உரம் போதும். திரிக்கு பழைய வேட்டிய கிழிச்சுப் போடாதீங்க, சுத்த காட்டன் தண்ணிலயே கிடந்தா மக்கிடும், பாலியஸ்டர் கலந்த பழைய டீ-ஷர்ட்டு விரல் தடிமன்ல முறுக்கினா ரொம்ப நாள் வரும். பாதி மண் உயரம் வரைக்கும் அது ஏறி இருக்கணும்.

அடுத்தது கொசு, இத தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. 2024ல கர்நாடகால டெங்குவ கொள்ளைநோய்னே அரசாங்கம் அறிவிச்சது, டெங்குவ பரப்புற ஏடிஸ் கொசு இந்த மாதிரி சின்ன நல்ல தண்ணிலதான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சிடும். ரெண்டு பாதியும் சேர்ற இடுக்கு, தண்ணி ஊத்துற வாய் எல்லாத்தையும் கொசுவலத் துண்டால இறுக்கிக் கட்டுங்க.

வெளிச்சம் பட்டா பாசி பிடிக்கும், நியூஸ்பேப்பர் சுத்திடுங்க. தண்ணி மண்ணத் தொடாத அளவுல பக்கவாட்டுல ஒரு ஓட்டயும் வேணும், இல்லன்னா மே மாச மழைல செடி மூழ்கிடும். போர் தண்ணி ஊத்துறவங்க மேல்மண்ணுல வெள்ளையா உப்பு பூத்தா திரிய நம்பாம மாசம் ஒரு தடவ மேல இருந்து நல்லா ஊத்தி, கீழ வடியிற தண்ணியக் கொட்டிடணும். கள்ளி வகைக்கு இதெல்லாம் வேணாம், அழுகிடும்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செட் பண்ணி, தண்ணி மட்டத்துல மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. ரெண்டு நாள்ல கோட்ட விட்டு தண்ணி இறங்கலன்னா திரி இழுக்கல, பிரிச்சு மறுபடி கட்டுங்க.