தோட்டத்தில் முளைத்த காளானை அடையாளம் காண்பது எப்படி?

கோடை மழை தொடங்கிவிட்டால் டர்பனில் புல்வெளி, மதும்பி (சேப்பங்கிழங்கு) பாத்தி, கறிவேப்பிலை மரத்தடி என்று எங்கு பார்த்தாலும் காளான்தான். "கறி வைக்கலாமா?" என்று கேட்டால் என் பதில், வேண்டாம். புரட்டாசி விரதத்துக்குக் கடைக் காளானே போதும். ஆனால் பிள்ளைகளும் நாயும் ஓடியாடும் இடத்தில் முளைத்தது எது என்று தெரிந்திருப்பது நல்லது.

முதல் படி: பிடுங்குவதற்கு முன் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். முளைத்தது புல்லிலா, மட்கிய கட்டையிலா, கறையான் புற்றருகிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓக் மரம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

இரண்டாம் படி: சுற்றி மண்ணைக் கிளறி, அடியோடு எடுங்கள். கையால் பிடுங்கினால் முக்கியமான அடையாளம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். தண்டின் அடியில் கிழிந்த பை மாதிரி ஓர் உறை இருந்தால் அது அமானிட்டா இனமாக இருக்கலாம். ஆளைக் கொல்லும் டெத் கேப் அந்த இனம்தான். ஓக் மரங்களோடு ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. தொடுவதால் விஷம் ஏறாது, கையை மட்டும் கழுவிவிடுங்கள்.

மூன்றாம் படி: குடையைத் திருப்பி, அடியில் மடிப்பு மடிப்பாகத் தெரியும் செவுள்களின் நிறத்தையும் தண்டில் வளையம் உண்டா என்பதையும் பாருங்கள்.

நான்காம் படிதான் எனக்குப் பிடித்தது, ஸ்போர் அச்சு, அதாவது காளானின் விதை போன்ற தூளைக் காகிதத்தில் படியவைத்து நிறம் பார்ப்பது. நன்றாக விரிந்த குடையாக எடுத்து, தண்டை வெட்டிவிட்டு, செவுள் கீழே இருக்கும்படி காகிதத்தில் வையுங்கள். காகிதம் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கட்டும். வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது. மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் மங்கலான பச்சைத் தூள் படிந்திருந்தால், அது குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். புல்வெளியில் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை இதுதான். இளசாக இருக்கும்போது செவுளும் வெள்ளையாகவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். டெத் கேப்பின் தூள் வெள்ளை. இளஞ்சிவப்புத் தூள், வளையமில்லாத தண்டு, புற்றுக்குள் இறங்கும் நீண்ட வேர் என்றால், ஜூலு மக்கள் விரும்பிச் சாப்பிடும் இகோவேயாக இருக்கலாம். நம் புற்றுக் காளானின் உறவு அது. அப்போதும் விவரம் தெரிந்தவர் நேரில் பார்க்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

காளானோடு வேகவைத்த வெள்ளைப்பூண்டு கறுத்தால் விஷம், குரங்கு கடித்திருந்தால் நல்லது என்ற பேச்செல்லாம் சுத்தப் பொய். வேகவைத்தாலும் டெத் கேப்பின் விஷம் போகாது. அதன் வாந்தி ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும், நடுவில் தேறியது போலவும் தோன்றும். அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்திருக்கும்.

யாராவது தின்றுவிட்டால் வாந்திக்குக் காத்திருக்காமல் 0861 555 777 என்ற நச்சுத் தகவல் எண்ணை அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சக் காளானைக் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் அழுகிவிடும்.