தாத்தாவின் டிரங்குப் பெட்டி: கட்டை அவிழ்க்கும் முன் படம் எடுங்கள்

போன கோடையில் ஊர் வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் பெட்டியை இறக்கினோம். கிரயப் பத்திரம், கிஸ்தி (நிலவரி) ரசீது, மொய் நோட்டு, நாடக நோட்டீஸ், கட்டுக்கட்டாகக் கடிதங்கள். ஆர்வக்கோளாறில் எல்லாக் கட்டையும் அவிழ்த்து, பத்திரம் ஒரு குவியல், கடிதம் ஒரு குவியல் என்று பிரித்துப் போட்டேன். மீண்டும் சேர்க்க மூன்று மாதம் ஆனது.

1. கட்டு கட்டாகவே இருக்கட்டும்

தாத்தா சணல் கயிற்றால் கட்டி வைத்தது சும்மா இல்லை. ஒரு கட்டில் அத்தையின் கல்யாணப் பத்திரிகை, அந்தக் கல்யாணத்து மொய் நோட்டு, அதே மாதம் எழுதிய புரோநோட்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கல்யாணம் எப்படி நடந்தது, கடன் எங்கே வாங்கினார்கள், எந்தெந்த ஊர்ச் சொந்தம் வந்தது எல்லாம் தெரிகிறது. பிரித்தால் மூன்று பழைய காகிதம், அவ்வளவுதான். ஆவணக் காப்பகங்களிலும் வந்த வரிசையைக் கலைக்கக்கூடாது என்பது அடிப்படை விதி.

நான் கலைத்ததை மீட்டுக்கொடுத்தது குண்டூசித் துரு. ஒரே இடத்தில், ஒரே அளவில் துருக்கறை இருந்தால் அவை ஒன்றாகக் குத்தியிருந்தவை. உங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். முதலில் படம், பிறகு முடிச்சு.

2. எண் போடுங்கள்

2பி பென்சிலால், பின்பக்க மூலையில்: 'கட்டு 3 / 7' (மூன்றாம் கட்டில் ஏழாவது காகிதம்). பேனா கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் பக்கமே போகாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது.

3. தேதி

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'குரோதி வருஷம் தை மாதம்' என்று மட்டும் எழுதியிருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் 1904-05ஆகவும் இருக்கலாம், 1964-65ஆகவும் இருக்கலாம். பத்திரமென்றால் முத்திரையைப் பாருங்கள்: ஏழாம் எட்வர்ட் தலை இருந்தால் முன்னது, அசோகர் சிங்கம் இருந்தால் பின்னது. குரோதன என்பது வேறு வருஷம் (1925-26, 1985-86). கையெழுத்தில் ரெண்டும் ஒன்றுபோல் தெரியும்.

4. படமும் பெயரும்

இழுத்து விழுங்கும் ஸ்கேனர் வேண்டாம், ஓரம் நைந்த காகிதத்தைக் கிழித்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் போனே போதும். கோப்புக்குப் பெயர் '1965-01_கட்டு03_07'. கூடவே ஒரு நோட்டில் யார், எந்த ஊர் என்று எழுதுங்கள். அதற்குப் பெரியத்தை மாதிரி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் இருக்கும்போதே உட்காருங்கள்.

நாடக நோட்டீஸை 'குப்பை' என்று என் தம்பி ஒதுக்கினான். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பின் அந்தச் சேகரத்தை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் 1994இல் தொடங்கியது. தம்பியிடம் அதைச் சொன்னேன். நோட்டீஸ் பெட்டிக்குத் திரும்பியது.

பிற்சேர்க்கை: கமென்டில் ஒருவர் கணக்கு ஒரு வருடம் இடிக்கிறது என்றார். தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால், தை முதல் பங்குனி வரை அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மேலே கோப்புப் பெயரில் 1965 என்று போட்டது அதனால்தான். மார்கழி பாதிக்குப் பாதி, தேதி பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொருவர் வெற்றுப் பின்பக்கத்தையும் எடுக்கணுமா என்று கேட்டார். எடுங்கள். எங்கள் பாட்டி கடிதத்துப் பின்பக்கத்தில்தான் பால் கணக்கு எழுதியிருந்தார்.