டி டிரைவில் இருக்கிறது என்று நம்பாதீர்கள்: லினக்ஸுக்கு மாறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் கணினியானால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பல இந்தக் கணக்கில் தேறாதவை. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த பழைய அலுவலக மடிக்கணினிகள், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை, பல வருடங்களுக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கிய மேசைக் கணினிகள் எல்லாம் நன்றாகத்தான் உழைக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட மனம் வராது, போடவும் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தை நிறுவினால் இன்னும் சில வருடங்களுக்குக் கவலை இல்லை. அதை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் மாறியவர்களில் சிலர் ஒரே வாரத்தில் நொந்துபோய் விண்டோஸுக்கே திரும்புகிறார்கள். அவர்களிடம் பேசிப் பார்த்தால் லினக்ஸ் மீது குறை அதிகம் இருக்காது. மாறுவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

முதல் தவறுதான் மிகக் கொடியது. நம் ஊர்களில் கணினி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், "சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்கிறேன், டி டிரைவில் உள்ளதற்கு ஒன்றும் ஆகாது" என்பார். விண்டோஸை மறுபடி நிறுவும் வரைக்கும் அது உண்மை. அந்தப் பழக்கத்தில் திருமணப் படங்கள், பத்திர நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கடைக் கணக்கு என அத்தனையையும் டி டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பகுதிகள். லினக்ஸ் நிறுவும்போது, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்று ஒரு திரை கேட்கும். படித்துப் பார்க்காமல் அதற்குச் சம்மதம் கொடுத்தால் டி டிரைவும் சேர்ந்தே போய்விடும். பிறகு கோப்பு மீட்பு மென்பொருள்களோடு மல்லுக்கட்டினாலும் முழுதாகத் திரும்புவது அரிது; ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அந்த நம்பிக்கையும் வேண்டாம்.

ஆகவே கணினிக்கு வெளியே, தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். நகல் எடுத்தாயிற்று என்று சொல்பவர்கள் பலர். திறந்து பார்த்தவர்கள் சிலர்தான். டெஸ்க்டாப்பில் குவிந்து கிடப்பதையும், டவுன்லோட்ஸ் கோப்புறையையும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் மறந்துவிடாதீர்கள்.

இதையொட்டி இன்னொரு கண்ணி இருக்கிறது. சற்றுப் புதிய மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு, உரியவருக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கலாம். பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில், பாதுகாப்பு அமைப்புகளை மாற்றிய மறுநிமிடமே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கில்? வாங்கிய அன்று கடைக்காரர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடங்கி வைத்திருந்தால், எண்ணும் அவரிடம்தான். எதையும் தொடுவதற்கு முன் அந்த எண்ணைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்தது தமிழ். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தமிழக அரசு 2010-லேயே கணினியில் தமிழைச் சேமிக்கும் முறைகளான யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் டி.டி.பி. கடைகளிலும் அச்சகங்களிலும், ஏன், பல சங்கங்களின் பழைய தீர்மானப் புத்தகங்களிலும் இன்றுவரை பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்கள் வாழ்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான்; அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது எழுத்துரு. இது தெரியாமல், வைரஸ் புகுந்துவிட்டது என்று பதறி, பல வருட உழைப்பை அழித்தவர்கள் உண்டு.

எனவே கோப்புகளை எடுப்பதோடு எழுத்துருக்களையும் எடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறை எல்லோருக்கும் தெரியும். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே இருக்காது; அந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் மறைவாக இருக்கும். இரண்டையும் பாருங்கள். உரிமம் பெற்ற எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம், பழைய கோப்பு தமிழாகவே திறக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் மும்மடங்கு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே அச்சகத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளிலும் அழைப்பிதழ் அடிப்பார்கள். கன்னடத்துக்கு நுடி, தெலுங்குக்கு அனு என்று ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு, தனி விசைப்பலகை முறை. மூன்றையும் சரிபார்க்காமல் மாறினால் முகூர்த்த நேரத்தில் தெரியவரும்.

புதிதாக அடிப்பதில் சிரமம் இல்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்-17-என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாமே கிடைக்கும். தட்டச்சுப் பயிலகத்தில் ஹையர் முடித்தவர்கள் விரல் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அச்சகங்களில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் லினக்ஸுக்கு வராது. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். லினக்ஸில் கிடைக்கும் இலவச ஆபீஸ் தொகுப்பான லிப்ரெஆபீஸ் அந்தக் கோப்புகளை ஓரளவு திறக்கும், அமைப்பு குலையும். தொழிலே பேஜ்மேக்கர்தான் என்றால் ஒரு விண்டோஸ் கணினியை இணைய இணைப்பு இல்லாமல் அப்படியே வைத்துக்கொள்வதுதான் விவேகம். அடிக்கடி அச்சிடும் வேலைகளை இப்போதே பி.டி.எஃப். ஆக்கி வைத்துவிடுங்கள்.

இங்கேதான் மூன்றாவது தவறு வருகிறது. கணினியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், அதில் நடக்கும் வேலையைப் பார்ப்பதில்லை. டேலி விண்டோஸ் மென்பொருள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்க உதவும் வைன் மூலம் ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கலாம், ஆனால் கடைக் கணக்கை அதை நம்பி வைக்காதீர்கள். ஜி.எஸ்.டி. ஆண்டு அறிக்கைக்கான ஆஃப்லைன் கருவி எக்செல் மேக்ரோக்களால், அதாவது எக்செலுக்குள் எழுதிய தானியங்கிக் கட்டளைகளால், ஆனது. லிப்ரெஆபீஸில் அது சரியாக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் முன்பே கேளுங்கள். ஆதார் கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே வருகிறது. இ-சேவை மையம் நடத்துபவர் அந்தக் கணினியில் கை வைக்கவே வேண்டாம். ஜெராக்ஸ் கடை என்றால் பிரிண்டரைப் பாருங்கள். மேசைதோறும் இருக்கும் கேனான் எல்.பி.பி. 2900 கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவது. செருகியவுடன் லினக்ஸில் ஓடாது.

மாறாக, வீட்டில் பாடம் படிக்கவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும், மின்கட்டணம் கட்டவும், படம் பார்க்கவும், கடிதம் அடிக்கவும் மட்டும் பயன்படும் கணினி என்றால் தயங்கவே வேண்டாம். அந்த வேலைகளில் பெரும்பகுதி பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒரு வீட்டில் இருக்கும் மடிக்கணினியின் வாழ்க்கை இவ்வளவுதான்.

நிறுவுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வழி இருந்தும் பலர் செய்வதில்லை. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே கணினியை இயக்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று ஒரு மாலை முழுக்கப் பாருங்கள். பென் டிரைவில் இருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும்; அதை வைத்து எடை போடாதீர்கள். நிறுவும் திரையில் எஸ்.எஸ்.டி.யே தெரியவில்லை என்றால், பயாஸில் ரெய்டு முறை இருக்கிறதா என்று பாருங்கள், ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதைத் தெரிந்தவர் துணையோடு செய்யுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எழாமல் போகலாம். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு பற்றிய பாடமே இருக்கிறது. வீட்டில் அதைப் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தச் சோதனையை அவர்களிடமே விடுங்கள், ஆர்வமாகச் செய்வார்கள்.

எந்த லினக்ஸ் என்ற விவாதத்தில் நாளைக் கடத்த வேண்டாம். புதியவருக்கு மின்ட் போதும். நினைவகம் 4 ஜி.பி. அல்லது அதற்கும் குறைவு என்றால் அதன் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. மின்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு.

எப்போது மாறுவது என்பதும் முக்கியம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் மாம்பழ வியாபாரம் செய்பவர் சீசன் நடுவில் கணினியை மாற்றினால், லாரி வாசலில் நிற்கும்போது ரசீது போட முடியாது. ஜி.எஸ்.டி. கட்டுபவர்கள் அறிக்கை தாக்கல் செய்யும் கெடு நாள்களான மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டி எதையும் தொடாதீர்கள். மார்ச் மாதம் பேச்சுக்கே இடமில்லை. அவசரமும் இல்லை: தனிநபர்களுக்கென மைக்ரோசாப்ட் அறிவித்த கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அந்த அவகாசத்தில் நகல் எடுத்து, ஒவ்வொரு வேலையாகச் சோதித்து மாறலாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கட்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு இரண்டு குறிப்புகள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. இன்னொன்று கடிகாரம். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் விண்டோஸுக்குத் திரும்பும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று கடையில் புதிது மாற்றிப் பயனில்லை. லினக்ஸில் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும்.